பூண்டு வாசனை

பிணத்தைப் பார்க்கிற வேலை என்று தெரிந்தால் கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார யோசிப்பார்கள். அதனால் கடலூரில் அரசாங்க உத்தியோகம் என்று மட்டும் சொல்லி வைப்பேன். உண்மையில் தடய அறிவியல் பிரிவு. சந்தேக மரணம் என்றால் போலீஸோடு போய் இறங்குவோம். நெல் விளைகிற பக்கம், அடிக்கடி பூச்சிமருந்துச் சாவுதான். சில மருந்துகளைக் குடித்தவர் வாயில் பூண்டு வாசனை வரும், நுரை தள்ளியிருக்கும். உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிடுவேன். இந்த மூக்கைப் பற்றி எனக்குத் திமிர் உண்டு.

போன வருஷம் கீரப்பாளையம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் அம்மா போய்விட்டாள். ஓடினேன். அழுதுகொண்டே அவள் முகத்தோடு முகம் வைத்தேன். பூண்டு வாசனை அடித்தது. உதட்டோரம் நுரை. என் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"கடைசியா என்ன குடுத்தீங்க அண்ணி?"

"நெஞ்சு அடைக்குது, வாயு போலன்னாங்க பாப்பா. பால காய்ச்சி..."

முடிக்க விடவில்லை நான். அந்த வாரம் தனக்கும் அண்ணிக்கும் வாய்த்தகராறு என்று அம்மா போனில் புலம்பியிருந்தாள். கொட்டகைப் பரணில் பூச்சிமருந்து டப்பா இருப்பதும் தெரியும். அடுப்படியில் கழுவாமல் கிடந்த டம்ளரை எடுத்து முகர்ந்தேன். அதே வாசனை. கைப்பையில் எப்போதும் கிடக்கும் கையுறையை மாட்டி, சாவுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் பார்க்க, டம்ளரை உறையில் போட்டுக் கட்டினேன். அண்ணி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போலீஸுக்கும் நானே போன் செய்தேன். பிரேதப் பரிசோதனைக்கு அம்மாவைச் சிதம்பரம் கொண்டுபோனார்கள். அண்ணியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். படுத்த படுக்கையில் கிடந்த அம்மாவை வருஷக்கணக்காகக் குளிப்பாட்டியது அண்ணிதான். கடைசியாகக் குளிப்பாட்ட அவரைக் கிட்டே விடவில்லை. ஊர் தாறுமாறாகப் பேசியது, அண்ணன் அவர் முகத்தைப் பார்ப்பதையே விட்டார். நான் நியாயத்தின் பக்கம் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் சொந்தம் என்பதால் டம்ளரையும் உள்ளுறுப்புகளையும் வேறு ஊரில் பரிசோதித்தார்கள். முடிவு வர மாதக்கணக்காயிற்று. விஷம் இல்லை. மாரடைப்பு. டம்ளரில் இருந்தது பாலும் பூண்டும்.

வாயுவுக்குப் பூண்டுப் பால் கொடுப்பது எனக்குத் தெரியாதா? பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது இதே அண்ணி இதே அடுப்பில் காய்ச்சி எனக்கு ஊட்டியிருக்கிறார். மாரடைப்பிலும் நுரை தள்ளும், அதுவும் படித்ததுதான். கூட வேலை செய்கிறவர்களுக்கு, முதலில் வீட்டு ஆட்கள் சொல்வதை முழுசாகக் கேளுங்கள் என்று சொல்கிறவள் நான். என் வீட்டில் ஒரு வாக்கியத்தைக் கேட்க எனக்குப் பொறுமையில்லை.

போனில் மன்னிப்புக் கேட்டேன். "உங்க வேலய நீங்க பாத்தீங்க" என்று வைத்துவிட்டார். அதுவரை என்னை நீ, வா என்றுதான் பேசியவர்.

தலைத் திவசத்துக்குப் போனேன். அண்ணி எல்லோருக்கும் டம்ளரில் காபி கொடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் தட்டை இடுப்பில் தாங்கிக்கொண்டு, கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் ஒன்றை நீட்டினார்.

"எனக்கும் காபி குடுங்க அண்ணி."

"மூடி ஒடைக்காததுங்க" என்றார். "நீங்களே பாத்து ஒடைச்சிக் குடிங்க."