அட்டைகளின் பின்பக்கம்

என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், முப்பத்தைந்து வருடங்களாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் குடும்ப நீதிமன்றத்துக்கும் நடுவே இருக்கும் சந்தில், பத்தடிக்கு எட்டடி அறை. சொத்துப் பத்திரம், விவாகரத்து மனு, ரத்தப் பரிசோதனை முடிவு, இறப்புச் சான்றிதழ் எல்லாம் அங்கே மெஷினின் கண்ணாடிமேல் கவிழ்ந்து படுத்துவிட்டு எழுந்து போகும். மாமா எதையும் படிக்க மாட்டார். காகிதத்தின் ஓரம் நேராக இருக்கிறதா, மடிப்பின் நிழல் விழுகிறதா, முத்திரை கறுத்துப் போகாமல் வருமா என்று மட்டும் பார்ப்பார்.

"கண்ணு எழுத்துமேல போச்சுன்னா மூஞ்சி மாறிடும். மூஞ்சி மாறினா வந்தவங்களுக்குத் தெரிஞ்சிடும். பாவம், அவங்களே ஆயிரம் கஷ்டத்துல வர்றாங்க," என்பார்.

பக்கத்துத் தையல்காரர் கடையைக் காலி செய்வதற்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தையே மாமாதான் நகலெடுத்தார். ஒரு வாரம் கழித்துப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரே" என்று வருத்தப்பட்டார். அத்தைக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். "என்னையும் அப்படித்தான் பார்க்கறார், ஓரம் நேரா இருக்கான்னு" என்பாள்.

மாமாவுக்கு ஒரே ஒரு நண்பர். நெட்டை. பாலிடெக்னிக்கில் சர்வே படித்தபோது ஒரே பெஞ்ச். மாமாவின் தடித்த கண்ணாடியைப் பார்த்து அவருக்கு சோடாபுட்டி என்று பெயர் வைத்தவர் நெட்டைதான். வேலைக்கான கண் பரிசோதனையில் மாமாவைக் கழித்துவிட்டார்கள். நெட்டை பாலம் கட்டும் கம்பெனியில் சர்வேயராகச் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். போன இடத்திலிருந்தெல்லாம் ஒரு பட அஞ்சலட்டை வரும். 'டேய் சோடாபுட்டி, இந்தப் படத்தில் இருக்கும் பாலம் நான் அளந்தது இல்லை. அதனால் தைரியமாக ஏறலாம்' என்கிற மாதிரி இரண்டு வரி இருக்கும். மாமாவும் பதில் போடுவார். எங்கள் ஊரில் விற்கும் பட அட்டைகள் நாலே வகை: ரயில் நிலையம், ஏரி, அருங்காட்சியகம், மணிக்கூண்டு. அந்த நாலையே மாற்றி மாற்றி அனுப்பினார். மணிக்கூண்டு மட்டும் நூற்றுப் பதினாறு முறை போயிருக்கிறது.

கைப்பேசி வந்த பிறகும் இருவரும் அட்டையை விடவில்லை. போனில் பேசினால், "அப்புறம்?" "அப்புறம் என்ன, நீதான் சொல்லணும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் மாமா நல்ல ஸ்கேனர் ஒன்று வாங்கினார். வாங்கியதும் அவருக்கு இந்த அட்டைகளின் நினைப்பு வந்தது. எல்லாவற்றையும் இணையத்தில் போட ஒரு பக்கம் அமைத்துத் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். நெட்டையிடம் அனுமதி கேட்டதற்கு, "போடுடா. நாம என்ன ராணுவ ரகசியமா எழுதினோம்?" என்று சிரித்தார். மாமா அனுப்பிய அட்டைகளை நெட்டையின் மனைவி கட்டுக் கட்டாகப் பார்சலில் அனுப்பிவைத்தார். உள்ளே ஒரு சீட்டு இருந்தது.

'அண்ணா, பதினோரு வீடு மாறியும் ஒன்றுகூடத் தொலையவில்லை. ரெண்டு பக்கமும் எடுங்கள். படத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்கள் ரெண்டு பேரும் அப்படி என்னதான் எழுதிக்கொண்டீர்கள் என்று எனக்கும் தெரியட்டும். அவருக்கு வந்ததை அவர் கொடுக்காமல் நான் படித்தது இல்லை.'

நெட்டையின் அட்டைகள் ஐந்நூற்று முப்பத்தெட்டு. மாமாவுடையவை நானூற்றுத் தொண்ணூற்று ஒன்று. இரண்டு அலுவலகங்களும் மதிய இடைவேளைக்கு மூடுகிற நேரத்தில், தினம் பத்துப் பதினைந்து என்று நாலு மாதம் எடுத்தார். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, முன்பக்கம், பின்பக்கம். நெட்டை தேதி போடும் பழக்கம் இல்லாதவர். அதனால் பூதக்கண்ணாடி வைத்துத் தபால் முத்திரையில் தேதி பார்த்து வரிசைப்படுத்தி எண் போட்டார். அத்தனை பின்பக்கங்களிலும் அவர் பார்த்தது அந்த வட்ட முத்திரையை மட்டும்தான்.

பக்கத்தை அமைத்த விதம் மாமாவின் யோசனை. இடதுபுறம் நெட்டையின் அட்டை, வலதுபுறம் அதற்கு மாமாவின் பதில். அதுவரை இருவரிடமும் பாதிப் பாதிதான் இருந்தது. கேள்வி ஒரு ஊரிலும் பதில் வேறு ஊரிலும் கிடந்தன. முதல்முறையாக இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன.

பழைய பாலங்களில் பிரியமுள்ள ஆட்கள் உலகத்தில் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. யார் யாரோ வந்து பார்த்தார்கள். நெட்டையின் மனைவி தினமும் மத்தியானம் வரிசையாகப் படித்துவிட்டு மாமாவுக்குச் செய்தி அனுப்புவார். 'அண்ணா, இன்றைக்கு நாற்பது வரை வந்துவிட்டேன். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.' மாமா அதை அத்தையிடம் இரண்டு முறை காட்டினார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நெட்டை கூப்பிட்டார். மாமா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் அங்கே இருந்தேன்.

"எண்பத்தேழைப் பார்த்தியா?"

"என்னடா எண்பத்தேழு?"

"நீ போட்ட நம்பர்தான். அவ படிச்சுட்டா."

மாமா என்னைப் பார்த்தார். நான் கணினியில் எடுத்துக் காட்டினேன். முன்பக்கம், பாதி கட்டிய ஒரு பாலம். பின்பக்கம், முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய கையெழுத்து.

'கல்யாணமாகி நாலு மாதம் ஆகிறது. நல்ல பெண். குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் கால் மெதுவாகிவிடுகிறது. பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் விளக்கைப் போட்டு வைத்திருப்பாள். அந்த வெளிச்சம் எனக்குப் பாரமாக இருக்கிறது. இது சரியாகுமாடா?'

"சத்தியமா நான் படிக்கலடா," என்றார் மாமா. "தபால் முத்திரையை மட்டும்தான் பார்த்தேன்."

"இப்பப் படிக்கல. சரி. அன்னிக்குப் படிச்சியா?"

மாமா போனைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பக்கத்துலயே உன் பதில் இருக்கு, பாரு," என்று சொல்லிவிட்டு நெட்டை வைத்துவிட்டார்.

வலதுபுறம் மணிக்கூண்டு. அதன் பின்பக்கம் இப்படி இருந்தது: 'புது மெஷின் வந்துவிட்டது. நிமிஷத்துக்குப் பதினைந்து காப்பி. சத்தமே இல்லை. நீ வந்தால் பார்க்கலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.'

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு, "எல்லாத்தையும் எடுத்துடு" என்றார். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் நெட்டை போனை எடுக்கவில்லை. நாலாவது வாரம் மாமா கிளம்பினார். தனியாக அனுப்ப அத்தைக்கு மனம் வரவில்லை. நானும் போனேன். பஸ்ஸில் ஆறு மணி நேரம். அவர்கள் இருப்பது நாலாவது மாடி. நெட்டையின் மனைவிதான் கதவைத் திறந்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் ஒருவர் இருமுவது கேட்டது. கடைசிவரை அந்தக் கதவு திறக்கவில்லை.

நெட்டையின் மனைவி தண்ணீர் கொடுத்தார். மேஜைமேல் ஒரு தாள் கிடந்தது. எண்பத்தேழும் அதன் பதிலும் ஒரே பக்கத்தில்.

"நீங்க எடுக்கறதுக்கு முன்னாடியே பிரிண்ட் போட்டுட்டேன் அண்ணா. தெருமுனைக் கடையில. அந்தக் கடைக்காரர் படிச்சுட்டார். மூஞ்சியிலயே தெரிஞ்சுது."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் கோவமா இல்லண்ணா. அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. அவர் லேட்டா வருவார். வேலைன்னு நினைச்சேன். நாள் பூரா வெயில்ல நிக்கற மனுஷன், இருட்டுல தடுக்கிடக் கூடாதேன்னு வாசல் லைட்டைப் போட்டுட்டு உக்காந்திருப்பேன்."

"அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தானேம்மா இருந்தீங்க?"

"இருந்தோம். நல்லாவே இருந்தோம். அதான் எப்ப மாறுச்சுன்னு தெரியணும். எண்பத்தேழுக்கு அப்புறம் எங்கயாவது எழுதியிருப்பாரில்ல? 'இப்பப் பரவாயில்லடா'ன்னு ஒரு வரி. நூத்தி நாப்பது வரைக்கும் தேடினேன். அதுக்குள்ள நீங்க எடுத்துட்டீங்க."

"அவன்கிட்டயே கேக்கலாமேம்மா."

"சொல்றாரே. தினம் சொல்றார். முன்னெல்லாம் சாயங்காலம் நடக்கப் போனா எட்டு மணிக்கு வருவார். இப்ப அஞ்சரைக்கே வந்து நிக்கறார். அதைத்தான் தாங்க முடியல. இப்பச் சொல்றது பயத்துல சொல்றது. அப்பத் தானா எழுதினதா இருக்கணும்."

மாமா பையைத் திறந்தார். நெட்டையின் ஐந்நூற்று முப்பத்தெட்டு அட்டைகளையும் கையோடு கொண்டுவந்திருந்தார். "இந்தா, நீயே வச்சுக்கம்மா" என்று நீட்டினார். நெட்டையின் மனைவி கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

"வேணாம். வேற ஏதாவது கண்ணுல பட்டுடுச்சுன்னா? எனக்கு தைரியம் இல்ல. நீங்க படிங்க. படிச்சுட்டு, அந்த வரி இருந்தா மட்டும் சொல்லுங்க."

"சொல்றேம்மா."

"இது வந்தப்ப நீங்க என்ன நினைச்சீங்கண்ணா?"

மாமா அந்தத் தாளை எடுத்து மறுபடி பார்த்தார். பொய் சொல்ல வராதவர். "எனக்கு ஞாபகமே இல்லம்மா," என்றார்.

திரும்பும் பஸ் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பை மாமாவின் மடியில் இருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "நீ படிச்சியா?" என்று கேட்டார்.

"படிச்சேன் மாமா."

"எப்ப?"

"போட்ட வாரமே. முழுசா."

"எண்பத்தேழையும்?"

"ம். நோட்டுல எழுதிக்கூட வச்சிருக்கேன்."

"சொல்லணும்னு உனக்குத் தோணலையா?"

"தோணல மாமா. நல்லாயிருக்குன்னுதான் தோணுச்சு."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்கான், இல்ல?" என்றார். கொஞ்சம் கழித்து, "அவ கேக்கற வரி இருக்கா?"

நான் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். எண்பத்தேழுக்குப் பிறகு நெட்டை வீட்டைப் பற்றி எழுதவே இல்லை. மழை, பாலம், மேலதிகாரியைப் பற்றிய கிண்டல், அவ்வளவுதான். சரியாகுமா என்று கேட்டவருக்கு நிமிஷத்துக்குப் பதினைந்து காப்பி என்று பதில் வந்தது. அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒருவேளை மனைவியைப் பிடித்துப்போன காலத்தில் அதை எழுத அவருக்கு ஆள் இல்லாமல் போயிருக்கலாம்.

"இல்ல மாமா," என்றேன். "ஒண்ணுகூட இல்ல."

"சரியாப் பார்த்தியா?"

"பார்த்தேன்."



மறுநாளிலிருந்து மாமா படிக்க ஆரம்பித்தார். நூற்று நாற்பத்தொன்றிலிருந்து, நாளுக்கு ஒரு அட்டை. மதியம் கடையின் கதவைப் பாதி சாத்திவிட்டு, பூதக்கண்ணாடியை வைத்து முகவரியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறார். இரண்டே வரிக்கு அரை மணி நேரம் ஆகிறது. இரண்டாவது அட்டையைத் தொடுவதில்லை. சில நாள் முந்தைய நாள் படித்ததையே திரும்பவும் எடுத்துக்கொள்கிறார். "இதுல ஒரு வார்த்தை சரியாப் புரியல" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெட்டையின் மனைவி கூப்பிடுகிறார். நெட்டை பேசுவதில்லை. அட்டையும் வருவதில்லை.

"எத்தனை வரைக்கும் வந்திருக்கீங்கண்ணா?"

"முன்னூத்திப் பன்னெண்டும்மா."

"ஏதாவது?"

"இன்னும் இல்லம்மா," என்கிறார் மாமா. "நிறைய பாக்கி இருக்கு."