பட்டன் இல்லாத பியானோ

என் சித்தியின் வேலைக்கு நான் உலை வைத்த கதையைக் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். சித்தி மட்டும், "அவள வுடுங்க, பாவம்" என்பாள்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பொழுது சாயும்வரை நின்றபடியே புடவை விரித்துக் காட்டுகிற வேலை. வீடு திரும்பும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். ஞாயிறு ஆனால் எங்கள் மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பாள். கேட்டுக் கேட்டுத் தானாகக் கற்றுக்கொண்டது. எந்தப் பாட்டையும் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துவிடுவாள். பாடுகிறவர்களின் குரலுக்குத் தக்கபடி சுருதியை ஏற்றி இறக்க அதில் ஒரு பட்டன் இருந்தது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் பாதிப்பேர் அப்படித்தான். கருப்புக் கட்டைகளை அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

சித்திக்கு ஒருவர்மேல் பைத்தியம். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் கோயில் ஆர்கன் வாசித்து, இசையமைத்து வாழ்ந்தவர். செல்போனில் அவரைக் கேட்டுக்கொண்டேதான் துணி துவைப்பாள். பெயர் எங்கள் வாயில் நுழையாததால் வீட்டில் அவர் 'பெரியவர்'. பத்து வயதுக்குள் அப்பா அம்மாவை இழந்து அண்ணன் வீட்டில் வளர்ந்தாராம். நன்றாக வாசிக்கிற ஒருவரைக் கேட்க நானூறு கிலோமீட்டர் நடந்தே போனாராம். நாலு வாரம் லீவு சொல்லிவிட்டு நாலு மாதம் கழித்துத் திரும்பினாராம். "ஜவுளிக்கட மொதலாளிகிட்ட அப்டி பண்ணிப் பாரு" என்பாள் அம்மா.

எனக்கு ஒன்பது வயதில், திண்டிவனத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளிக்கு மியூசிக் டீச்சர் தேவை என்று பங்குச் சாமியார் வந்து சொன்னார். பெரியவரின் சின்ன இசை ஒன்றை வாசித்துக் காட்ட வேண்டும். சித்திக்கு அது ஏற்கெனவே மனப்பாடம். புடவை மடிக்கிற வேலை ஒழிந்தது என்று அம்மா அப்போதே மெழுகுவத்தி ஏற்றிவிட்டாள். துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

பள்ளியில் இருந்தது நிஜமான பியானோ. சித்தி பட்டனைத் தேடினாள், இல்லை. வேறு வழியின்றி வழக்கமான வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்தாள். இசை எழுதிய தாளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த தலைமைச் சிஸ்டர் நிறுத்தச் சொன்னார்.

"நல்லாத்தான் வாசிக்கிற. ஆனா எழுதியிருக்கிற எடம் வேற, நீ வாசிக்கிற எடம் வேறயாச்சேம்மா?"

சித்தி பதில் சொல்வதற்குள் முந்திரிக்கொட்டை நான் முந்திக்கொண்டேன். "சித்திக்கு வெள்ளக் கட்டதான் தெரியும் சிஸ்டர். எங்க கோயில்ல பட்டன அமுக்கிக்கினு வாசிப்பாங்க. உங்க பொட்டியிலதான் பட்டன் இல்ல."

உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். சித்தி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஒரு மாசம் டைம் தர்றேன்" என்றார் சிஸ்டர். "இதையோ, அவரோட வேற எதையோ, எழுதுன எடத்துலயே வாசிச்சுக் காட்டு. முடியலன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்."

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோதும் என் அழுகை நிற்கவில்லை. சித்தி வேகவைத்த மல்லாட்டைக் கடலை வாங்கி மடியில் கொட்டினாள்.

"அழுவாதடி. பெரியவரையே மொதல்ல யாரும் கூப்டல. வேற ரெண்டு பேரு வரமாட்டேன்னப்புறம்தான் அவருக்கு அந்தப் பெரிய கோயில் வேல கெடச்சுது." ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "நீதான் எனக்கு ஒத்தாச பண்ணணும். கருப்பு எங்க வருதுன்னு எனக்கு மறந்து பூடும். பக்கத்துல குந்திக்கினு நீ சொல்லு."

அந்த மாதம் முழுக்கச் சாயங்காலங்களில் கோயிலில் எங்களுக்கு அதே வேலை. பட்டன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். அந்த இசையில் திரும்பத் திரும்ப வருவது ஒரே கருப்புக் கட்டைதான். அந்த இடம் வந்ததும் சித்தியின் விரல் வெள்ளைக்குப் போகும். "கருப்பு!" என்று கத்துவேன். நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றுவாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் இல்லாவிட்டால் சித்தி அம்போதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். காலைப் பூசைக்குப் போகிறவள் கடை திறக்கும்வரை வீட்டுக்கே வருவதில்லை என்று அம்மா முனகினாள். சித்தி வேலைக்காகச் செபம் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி திண்டிவனம். இந்த முறை என்னை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, 'கருப்பு' சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தேன். சித்தி ஆரம்பித்தாள். அது எங்கள் இசையே இல்லை. பெரியவரின் வேறு ஏதோ ஒன்று. இடது கை ஓட வலது கை துரத்த, கருப்பு வெள்ளை என்ற பேதமே இல்லாமல் இரண்டு கையும் பாய்ந்தன. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். வேலை அங்கேயே உறுதியாகிவிட்டது.

பஸ்ஸில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "ஒரு மாசமா கத்திக் கத்தி எனக்குத் தொண்டயே போச்சு. நீ இன்னான்னா வேற எதையோ வாசிச்சுட்டியே?"

"ஆமாண்டி, தப்புதான். மன்னிச்சுக்கோ" என்றாள் சித்தி.

போனால் போகிறது என்று மன்னித்தேன். பூசை முடிந்த காலை நேரங்களில் கோயிலில் தனியாக உட்கார்ந்து அவ்வளவு கஷ்டமானதை விரலில் ஏற்றிக்கொண்டவளுக்கு, ஒற்றைக் கருப்புக் கட்டையைக் காட்ட ஆள் எதற்கு என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நான் அழக்கூடாது என்பதற்காகவே அவள் ஒரு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து தப்பாக வாசித்தாள் என்பதும் தெரியவில்லை.