எண்ணெய் தேய்த்த இரண்டு மணி நேரம்

"பொம்பளப் புள்ள நர்சுக்குப் படிச்சு வந்து எங்களுக்கே வைத்தியம் சொல்லப் போவுதாக்கும்?"

நான் கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று, எங்களோடு வசிக்கும் தாய்மாமா இப்படிக் கேட்டார். அப்பா என் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான்.

அப்பா பிறந்தது பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில். பள்ளிக்கு இரண்டு ஆண்டுகளே போனார். பால் மரம் வெட்டிப் பாலெடுத்தார். அந்த மரங்களை அழித்து எண்ணெய் தரும் செம்பனை நட்டபின் குலை வெட்டினார். அம்மாவின் மறைவுக்குப் பின் என்னைத் தனியாக வளர்த்தார். ஓய்வு பெற்றதும் கரங்கான் சிற்றூரில் குடியேறினோம். இனிப்பு நீர் எனும் சர்க்கரை நோயைத் தவிர அவருக்கு வேறு நோயில்லை.

எழுபத்து நான்காம் வயதில் ஒரு நாள் காலை, நான் மருத்துவமனை வார்டில் வேலையில் இருந்தபோது அப்பா அழைத்தார்.

"அசதியா இருக்கும்மா. வேர்க்குது, குமட்டுது."

"நெஞ்சு வலிக்குதாப்பா?"

"வலியெல்லாம் இல்ல. காத்துதான் லா."

"சரிப்பா, மாமாவ எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்க. மத்தியானம் வந்து பாக்குறேன்."

அதைச் சொன்னது நான்தான் என்பது உறவினர் பலருக்குத் தெரியாது. எங்கள் வீடுகளில் எல்லாக் கோளாறும் முதலில் காற்றுதான். ஏப்பம் வந்துவிட்டால் குணமாயிற்று என்று பொருள். மாமா தேய்த்தார். அப்பா ஏப்பம் விட்டார். இருவரும் தேநீர் குடித்தார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து, அவர் வேர்க்குது என்று சொன்னது உறுத்தவே மீண்டும் அழைத்தேன். மூச்சு வாங்கியதில் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பக்கத்துக் கடை அண்ணன் தம் காரில் என் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். முதல் இசிஜியில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

"வலி இல்லங்கிறாரே," என்றார் மருத்துவர்.

"வயசானவர், இனிப்பு நீர் வேற இருக்கு டாக்டர். வலி இல்லாமலும் வரலாம். இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க."

இரண்டாவது தாளில் மாரடைப்பு தெரிந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். மறுநாள் பெரிய மருத்துவமனையில் அடைப்பை நீக்கினார்கள். உயிர் மீண்டது. ஆனால் தாமதத்தில் இதயத் தசையில் ஒரு பகுதி செயலிழந்திருந்தது. நான் சொன்னது தவறு என்று அப்பாவிடம் ஒப்புக்கொண்டபோது, "நானும்தான காத்துன்னேன்," என்றார்.

பிறகு இரண்டு ஆண்டுகள் இருந்தார். உடலில் நீர் சேர்கிறதா என்று அறிய, தினமும் காலையில் எடை பார்த்து, தாதியை அழைப்பதுபோல் குரல் கொடுப்பார்: "அறுபத்திரண்டு, மிஸ்ஸி. எழுதிக்கிட்டியா?" சென்ற ஆண்டு, இதயம் மேலும் தளர்ந்து, வார்டில் மூன்று நாள் இருந்து மறைந்தார்.

கடை அண்ணனுக்கும், மறுமுறை பார்க்க மறுக்காத மருத்துவருக்கும், வார்டுத் தாதியருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கூடவே இருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும்தான். சென்ற மாதம் அவர் என்னை அழைத்தார். "அசதியா இருக்கு, வேர்க்குது. வலி இல்ல. எண்ணெயத் தொடவே இல்லம்மா, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டேன்." அவருக்கும் மாரடைப்புதான். நேரத்தோடு வந்ததால் நலமாக வீடு திரும்பினார்.

இதய நோயாளர் பராமரிப்பு மேற்படிப்பில் கிடைத்த இடத்தை ஏற்றுக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். நேற்று அப்பாவின் திதி முடிந்தது, இன்று புறப்படுகிறேன். பாரம் தூக்கக் கூடாது என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். பெட்டியை நானே காரில் வைத்துவிட்டேன்.