படியில் நிற்பவரும் உள்ளே நிற்பவரும்

அரியலூர்–சென்னை வண்டியில் கண்டக்டராக இருந்து சென்ற வருடம்தான் ஓய்வு பெற்றேன். நான் சேர்ந்தபோது வண்டி பாரிமுனை வரை போகும். பிறகு கோயம்பேட்டில் நிறுத்தினார்கள். இப்போது கிளாம்பாக்கத்தோடு சரி. சென்னை பெருகப் பெருக பஸ் ஸ்டாண்டை நம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வருகிறார்கள். இப்படியே போனால் பெரம்பலூரிலேயே இறக்கிவிட்டு, "சென்னை வந்தாச்சு" என்று சொல்லிவிடலாம்.

பெரம்பலூரில்

காணும் பொங்கலுக்கு மறுநாள், விடியற்காலை வண்டி. அரியலூரிலேயே கூட்டம் நெரிந்தது. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இரண்டு சீட்டுப் பிடித்திருந்தார் கலியபெருமாள் என்பவர். ஒன்று அவருக்கு, இன்னொன்று அரிசி மூட்டைக்கு. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "உள்ள போங்கய்யா, எடம் கெடக்குல்ல" என்று சத்தம் போட்டுத்தான் அவரும் ஏறினார்.

பெரம்பலூரில் சத்யா என்ற பெண் ஒரு பையோடு ஓடி வந்தாள்.

"ஏத்திக்கங்கண்ணே. மத்தியானத்துக்குள்ள அம்பத்தூர் கம்பெனில சேரணும். போவலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

நான் பதில் சொல்லுமுன் கலியபெருமாள் குறுக்கிட்டார். "எடம் எங்க இருக்கு? ஏத்தாதீங்க கண்டக்டர். மெட்ராஸே நெறஞ்சி கெடக்குது. தண்ணி இல்ல, வாடகைக்கு வூடு இல்ல. ஊர்ல உள்ளவங்கல்லாம் கெளம்பி வந்தா நாங்க எங்க போறது?"

"சாருக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டேன்.

"திருமழபாடி. ஆனா நாங்க போயி இருவது வருசமாச்சு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மூட்டைய எடுத்துக் காலடியில வைங்க. அது டிக்கெட் எடுக்கல. இந்தப் பொண்ணு எடுக்கும்" என்றேன்.

சத்யா உட்கார்ந்தாள். அவர் வழிநெடுக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

கிளாம்பாக்கத்தில்

அம்பத்தூர் டவுன் பஸ் புறப்படத் தயாராக நின்றது. சத்யா ஓடிப்போய் எப்படியோ ஏறிவிட்டாள். பின்னாலேயே மூட்டையோடு கலியபெருமாள். அவர் வீடும் அந்தப் பக்கம்தான். படியில் ஒரு காலை வைத்தார்.

"கொஞ்சம் உள்ள போம்மா, எடம் கெடக்குல்ல."

சத்யா திரும்பி உள்ளே பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"எங்கங்க எடம்? அடுத்த பஸ்ல வாங்க. எனக்கு லேட்டாவுது. அண்ணே, வண்டிய எடுங்க."

டபுள் விசில் கேட்டது. கலியபெருமாள் மூட்டையோடு கீழே நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. நான் ஏற்றிவிட்ட பெண்ணல்லவா.

புதிதாக டியூட்டிக்கு வரும் கண்டக்டர்களுக்குச் சொல்கிறேன். இடமில்லை என்று பயணி சொல்வதைக் கேட்டு விசில் கொடுக்காதீர்கள். உள்ளே எட்டிப் பாருங்கள். சென்னைக்காரர் ஆவதற்கு அங்கே ரேஷன் கார்டு வாங்க வேண்டியதில்லை. படியைத் தாண்டினாலே போதும்.