கஜபதியின் இடது கால்

கஜபதிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. உத்தமனுக்கு இருந்த பொறாமையெல்லாம் அந்தக் காலின் மேல்தான்.

சொன்னால் சிரிப்பு வரும். அடுத்தவன் கட்டுகிற வீட்டைப் பார்த்து, ஓட்டுகிற ஸ்கூட்டரைப் பார்த்து, பிள்ளை வாங்குகிற மார்க்கைப் பார்த்து வயிறெரிகிறவர்கள் ஆவடியிலிருந்து திருநின்றவூர் வரை தெருவுக்குப் பத்துப் பேர் தேறுவார்கள். இல்லாமல் போன ஒரு காலைப் பார்த்து வயிறெரிந்தவன் உத்தமன் ஒருவன்தான். அவன் கெட்டவன் இல்லை. அவன் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட்டு அப்புறம் சிரிக்கலாம்.

இரண்டு பேரும் ஆவடி டாங்க் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். அப்பாக்கள் ஒரே ஷிப்டில் சைக்கிளை ஒட்டி ஓட்டிக்கொண்டு போவார்கள். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது பையன்கள் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று, ஒரே நாளில் மார்பு அளவு கொடுத்துச் சேர்ந்தார்கள். எண்பத்தேழில் இலங்கைக்குப் போன படையிலும் ஒரே கம்பெனி. ஒருநாள் யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒரு மண் சாலையில், அவர்கள் போன லாரிக்கு அடியில் கண்ணிவெடி வெடித்தது. கஜபதிக்குக் கால் போயிற்று. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த உத்தமனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அந்தக் கீறல் இல்லாததுதான் பெரிய வினையாகப் போயிற்று. அன்றோடு அவன் பேச்சை நிறுத்தினான். சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போய் அப்படியே கொண்டுவந்து வைத்தான். தலையணையை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். யாராவது அதை வாங்கப் பார்த்தால் முகாமே அதிரும்படி கத்துவான். பெங்களூர் பட்டாள ஆஸ்பத்திரியில், மனநோய் வார்டில் போட்டார்கள். மாத்திரைகள், ஊசிகள், பேச்சு திரும்பியது, சாப்பாடு இறங்கியது. ஆனால் எண்பத்தொன்பதில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பட்டாளத்தை விட்டு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம் தருவார்கள். ஏன் அனுப்பினோம் என்று அதில் ஒரு வரி இருக்கும். கஜபதியின் புத்தகத்தில், 'போர்க் காயம்'. உத்தமனின் புத்தகத்தில், 'மனநோய். பணியால் வந்ததல்ல. சேருமுன்பே இருந்தது.' அவ்வளவுதான். முதல் வரிக்கு ஊனப் பென்ஷன் உண்டு, மரியாதை உண்டு. இரண்டாவது வரிக்கு ஒன்றும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எத்தனை கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலைக்கு நின்றிருப்பான்! 'எக்ஸ் சர்வீஸ்மேனா, வாங்க வாங்க' என்று நாற்காலி போடுவார்கள். புத்தகத்தைக் கொடுப்பான். அந்த வரி வந்ததும் அவர்கள் முகம் மாறும். 'சொல்லி அனுப்பறோம் சார்.' யாரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் ஒரு லேத் பட்டறையில் இரும்புக் கம்பி இறக்கி ஏற்றும் வேலைக்குப் போனான். அங்கே யாரும் புத்தகம் கேட்கவில்லை.

கஜபதிக்கோ, ஊனமுற்ற முன்னாள் சிப்பாய் என்று சர்க்காரே எஸ்.டி.டி. டெலிபோன் பூத் ஒதுக்கிக் கொடுத்தது. திருநின்றவூர் ஸ்டேஷன் வாசலில் கண்ணாடிக் கூண்டு, மஞ்சள் போர்டு, தலைக்கு மேல் ஃபேன். ஊரே அதை மிலிட்டரி பூத் என்றது. உத்தமன் குடியிருந்ததும் திருநின்றவூர்தான், வாடகை குறைவு என்று வந்தவன். தினமும் ரயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கண்ணாடியைத் தாண்டித்தான் போக வேண்டும். கஜபதி கையைத் தூக்கி, "இன்னா மச்சான்!" என்பான். உத்தமனும் கையைத் தூக்குவான். கண் மட்டும் மேசைக்கு அடியில், பேன்ட்டுக்குள் விறைத்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டைக் காலுக்குப் போகும்.

கஜபதி எப்போதாவது ரயில் ஏறினால் நாலு பேர் எழுந்து, "குந்துங்க மிலிட்டரி" என்பார்கள். பின்னால் உத்தமன் ஏறினால் அவனுக்காகவும் நகர்ந்து உட்காருவார்கள், ஆனால் அது இடம் கொடுப்பதற்காக அல்ல. அவன் காதுபடவே 'மெண்டல்' என்று சொன்ன வாய்களும் உண்டு. அந்த வெடி ஓர் அடி தள்ளி என் பக்கமாக வெடித்திருக்கக் கூடாதா என்று கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே நினைப்பான். மனதார நினைப்பான்.

மனைவி புஷ்பாவுக்கு இது தெரியும். அவள் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

"அந்த மனுசன் காலு போய் குந்திகினு கீறாரு. நீ அதப் பாத்து பொகைஞ்சிகினு கீற. உனக்கே நல்லா கீதா?"

"அவனுக்குப் போனது ஊருக்கே தெரியுது. எனக்குப் போனது யார் கண்ணுக்குத் தெரியுது?" என்றான் உத்தமன்.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் அப்பீல் போட்டார்கள். புத்தகத்திலுள்ள வரியை மாற்ற வேண்டும், 'பணியால் வந்தது' என்று எழுத வேண்டும். அவன் கேட்டது அது ஒன்றுதான்.

எழுதிக் கொடுத்தவர் சண்முகசுந்தரம். பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, ஏரிக்கரைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு, மாஜி சிப்பாய்களுக்கு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் அப்பீல் தள்ளுபடியாகி வந்தது. அந்த இங்கிலீஷ் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, சின்ன வயசுல உனக்கு இந்த வியாதி வந்து, மத சம்பந்தமான இடத்துல வைத்தியம் பாத்துக் குணமாச்சுன்னு ஆஸ்பத்திரி ரிக்கார்டுல இருக்காம். உங்கம்மாவே சொன்னதாம்."

உத்தமனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கும் கஜபதிக்கும் பத்து வயது இருக்கும்போது, ஃபாக்டரி சைடிங் தண்டவாளத்தில் நின்றிருந்த கூட்ஸ் வண்டியில் ஏறி விளையாடினார்கள். வண்டி நகர்ந்துவிட்டது. பட்டாபிராமில் இறக்குகிற வரையில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினார்கள். வீட்டுக்கு வந்தும் காய்ச்சல், தூக்கத்தில் உளறல். அந்தப் பக்கத்தில் பிள்ளை பயந்துகொண்டால் என்ன செய்வார்களோ அதைத்தான் இரண்டு அம்மாக்களும் செய்தார்கள். உத்தமனின் அம்மா தாயம்மாவும், கஜபதியின் அம்மா முனியம்மாவும் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீரோடு சாயங்காலம் மசூதி வாசலில் பிள்ளைகளோடு நின்றார்கள். தொழுதுவிட்டு வந்தவர்கள் ஓதி முகத்தில் ஊதினார்கள், தண்ணீரிலும் ஊதினார்கள். பையன்கள் அதைக் குடித்துவிட்டுத் தூங்கினார்கள், மறுநாள் கோலி விளையாடப் போனார்கள். இதற்கு யாரும் வைத்தியம் என்று பேர் வைப்பதில்லை. இந்துப் பிள்ளை, கிறிஸ்தவப் பிள்ளை என்று அந்த வாசலில் நிற்காத பிள்ளை குவார்ட்டர்ஸிலேயே கிடையாது.

பெங்களூரில் வடக்கத்தி டாக்டர், மகனைப் பார்க்கப் போயிருந்த தாயம்மாவை ஒரு சிப்பந்தியை விட்டுக் கேட்டிருக்கிறார், இதற்கு முன்னால் இப்படி இருந்ததா என்று. அவளும் டாக்டருக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, "சின்னதுல ஒருவாட்டி பயந்துகினான் சார். மசூதில ஓதி ஊதினாங்க, சரியாப் பூட்ச்சி. இதுவும் சரியாப் பூடும்" என்றிருக்கிறாள். அவர் எழுதிக்கொண்டார். தாயம்மாவிடம் உத்தமன் இதைக் கடைசிவரை சொல்லவே இல்லை.

சண்முகசுந்தரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. தோன்றியதும் உள்ளே ஜிலுஜிலுவென்றிருந்தது.

"சார், அன்னிக்கு அதே வாசல்ல கஜபதிக்கும்தான் ஊதினாங்க. நான் பைத்தியம்னா அவனும் பைத்தியம்தான? அதையும் சேத்து அடிங்க."

சண்முகசுந்தரம் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "நல்ல பாயின்ட்தான். ஆனா அவர் பேர் வந்தா அவர் ஃபைலையும் எடுப்பாங்க. பென்ஷனுக்கே வில்லங்கம் வரலாம். அவரா சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். கேட்டுட்டு வா."

அடித்த காகிதத்தை வாங்கிக்கொண்டு நடந்தபோது உத்தமனின் நடையே வேறாக இருந்தது. கஜபதி கையெழுத்துப் போட மாட்டான், அது அவனுக்கு நிச்சயம். அவன் போனதும் கையெழுத்துக்காக இல்லை. 'சேருமுன்பே இருந்தது' என்கிற வரி தன் மேலும் விழும் என்று தெரிந்ததும் அந்த முகம் எப்படிச் சுருங்கும் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பூத் வாசலில் நிற்கும்போது பண்டிகைக்கு வந்தவன் மாதிரி சந்தோஷமாக இருந்தான். வெட்கமில்லாத சந்தோஷம்.

மத்தியானம், பூத்தில் கூட்டம் இல்லை. கஜபதி கட்டைக் காலைக் கழற்றி ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். காகிதத்தை வாங்கி, உதட்டை அசைத்து அசைத்து முழுக்கப் படித்தான். உத்தமன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் சுருங்கவில்லை.

"கூட்ஸ் வண்டி, மசூதி எல்லாம் சரி. முக்கியமானத உட்டுட்டியே மச்சான்."

"இன்னா உட்டேன்?"

"பூட்ச."

"எந்த பூட்சு?"

கஜபதி காகிதத்தைக் கீழே வைத்தான். "வெள்ளாடாத."

"தெர்ல மச்சான். சத்தியமா."

கஜபதி தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "என் காலு பூட்சோட தனியாப் போய் வயல்ல உயுந்துது. வாணாண்டா, குண்டு வச்சிருப்பான்னு அத்தினி பேர் கத்தறாங்க. நீ போய் எடுத்துகினு வந்த. சட்டையக் கயட்டி அதுல சுத்தி மார்ல வச்சிகினு ஹெலிகாப்டர்ல என் பக்கத்துலயே குந்திகினு வந்த. ஆஸ்பத்திரில டாக்டர் கைல குடுத்து, இத்த தெச்சிடுங்க சார், தெச்சிடுங்க சார்னு அயுத. அவரு முடியாதுன்னாரு. அப்பால நீ யார்கிட்டயும் அத்தக் குடுக்கல. நாலு பேர் புட்ச்சிகினு உன் கைலேர்ந்து புடுங்கினாங்க. அன்னிக்குப் போனதுதான் உன் பேச்சு."

ஒரு மின்சார ரயில் வந்து நின்று போயிற்று. உத்தமனுக்கு அந்த வயல் ஞாபகம் வரவில்லை. ஹெலிகாப்டரும் ஞாபகம் வரவில்லை. கைகள் மட்டும் தாமாக மேலே வந்து, மார்புக்குக் குறுக்கே எதையோ இறுக்கிக்கொண்டு நின்றன. அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

"உனக்கு எல்லாம் ஞாபகம் கீதுன்னு நெனச்சேன்டா. தெனம் போவசொல்ல வரசொல்ல என் காலையே பாத்துகினு போவியா, இவன் இன்னும் அத்தையே நெனச்சி மருகறான்னு நெனச்சேன். அதான் நானா அந்தப் பேச்ச எடுக்கல."

உத்தமன் வாயைத் திறந்தான். பொய் சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. "மருகல மச்சான். பொறாமைல பாத்துகினு இருந்தேன்" என்றான். சொன்னதும் குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுதுகொண்டே உட்கார இடம் தேடினான். கஜபதி ஸ்டூல் மேலிருந்த கட்டைக் காலை எடுத்துவிட்டு அவனுக்கு இடம் செய்தான்.

"பேனாவக் குடு" என்றான்.

காகிதத்தைத் திருப்பி அடித்து, பூட்ஸ் கதையையும் சேர்த்து அனுப்பினார்கள். கஜபதியின் மனைவி தாட்சாயிணி ஆறு மாதம் புஷ்பாவோடு பேசவில்லை, இந்த மனுஷன் சிநேகிதத்துக்காகப் பென்ஷனைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பான் என்று. அவள் பயந்தபடியே கஜபதியையும் விசாரிக்கக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து சொன்னான்: "சின்ன வயசுல இன்னா புட்ச்சிதுன்னு கேட்டாங்க. கூட்ஸ் வண்டி புட்ச்சிது சார்னேன். சிரிச்சிட்டு அனுப்பிட்டாங்க." பென்ஷன் தப்பியது. தாட்சாயிணி மறுபடி பேசினாள்.

தொண்ணூற்று நாலில் உத்தரவு வந்தது. பழைய வரியை அடித்துவிட்டு, 'மனநோய். பணியால் வந்தது' என்று எழுதியிருந்தார்கள். சண்முகசுந்தரம் இரண்டு தடவை படித்துக் காட்டினார். புஷ்பா சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். உத்தமன் அதை எடுத்துக்கொண்டு நேராக பூத்துக்குப் போனான்.

கஜபதி படித்துவிட்டு முதுகில் ஒன்று போட்டான். "எவ்ளோ பர்சன்ட் போட்டுகீறாங்க?"

ஊனம் எவ்வளவு என்று ஒரு சதவீதம் போடுவார்கள். உத்தமனுக்கு நாற்பது. "உனக்கு?" என்று கேட்டான்.

"அறுவது."

உத்தமனுக்கு வயிற்றுக்குள் பழைய இடத்தில் சுருக்கென்றது. ஐந்து வருஷம் வேண்டிக் கிடந்த வரி கையில் இருக்கும்போதே சுருக்கென்றது. அவன் மறைக்கவில்லை.

"அது எப்பிடி? உன் கால நீ ஒரு நிமிசம்கூடத் தூக்கல. அம்மாந்தூரம் தூக்கிகினு வந்தவன் நானு. எனக்கு நாப்பது, உனக்கு அறுவதா?"

கஜபதி மேசை இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்து வைத்தான்.

"அப்பீல் பண்ணு மச்சான். சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்."