மணிக்குக் கீழே ஒரு நாற்காலி

என் மருமகள் சட்டைக் காலர் தைக்கிறவள். அவள் வேலை செய்யும் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு கட்டுத் துணிக்கும் நேரம் முடிந்தால் அலறும் மின்மணி ஒன்று சுவரில் இருக்கிறது. எவள் பின்தங்குகிறாளோ அவளை அந்த மணிக்கு நேர் கீழே உட்கார வைப்பான் சூப்பர்வைசர். அப்போதுதான் சுறுசுறுப்பு வருமாம். கொஞ்ச நாளாய் அங்கே உட்காருகிறவள் என் மருமகள்தான். மனிதனா அவன்?

மருமகள் சமைத்தால் உப்பை மறப்பாள், அது வேறு கதை. ஆனாலும் என் வீட்டுப் பெண்.

"அத்தை, மணி அடிச்சாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

"வேலையை விட்டுத் தொலையேன்டி."

"விட்டுட்டு? அடுப்புல எதை வைக்கிறது?"

கடைசியில் வெட்டிப் போட்ட துணித் துணுக்கை உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டாள். அது உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இடுக்கியால் எடுக்கும்போது இருமினாள், வியர்த்தாள், அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டாள். நாடியைப் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, துடிப்பு குறைந்திருக்கிறது என்றாள்.

"காதைத் தொட்டா நெஞ்சு ஏன் நிக்கப் பாக்குது?" என்று கத்தினேன்.

"பயப்படாதீங்கம்மா. மூளையிலேருந்து நெஞ்சுக்கு இறங்குற நரம்போட ஒரு கிளை காதுக்கும் வருது. அதைத் தொட்டா சிலருக்கு இருமல் வரும், துடிப்பு குறையும். பெரிய சத்தம் கேட்டா நேர்மாறு. காது மூளைக்குச் சொல்லும். மூளை ஆபத்துன்னு நெனச்சு நெஞ்சை விரட்டும். தினம் தினம் விரட்டினா நெஞ்சு தாங்காது."

மருமகள் இதைச் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். அவன் சிரித்தானாம்.

"காதுக்கும் நெஞ்சுக்கும் என்னம்மா? எல்லாம் பழகிடும்."

"அப்போ மணிக்குக் கீழ நீங்க கொஞ்சம் உக்காருங்க சார்."

கூடமே பார்க்கிறதே, வீம்புக்கு உட்கார்ந்தான். மணி அலறியது. துள்ளி எழுந்து மார்பைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன சார், காதைத்தானே பொத்தணும்? நெஞ்சைப் பிடிக்கிறீங்க!" என்றாள் பின்வரிசைக்காரி. கூடம் கொல்லென்று சிரித்தது.

திருந்தினானா? மருமகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, பிள்ளை பெற்று அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியவளை அங்கே உட்காரச் சொன்னான். பாவி!

மருமகள் எழுந்து போய் அவள் நாற்காலியை இழுத்துவந்து தன் பக்கத்தில் போட்டாள்.

"இங்க உக்காரு. என் மிஷினையே மாத்தி மாத்தி ஓட்டுவோம்."

அவன் வேறு யாரையெல்லாமோ கூப்பிட்டுப் பார்த்தான். ஒருத்தியும் அசையவில்லை.

இப்போது மணிக்குக் கீழே வெறும் மிஷின் நிற்கிறது. மணியையே கழற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவன் கழற்றாவிட்டால் நானே ஏணியோடு போகப்போகிறேன். மருமகள் தடுத்தாலும் கேட்கமாட்டேன்.