பாடி சார் போயிட்டார்

பாடி சார் போயிட்டார் என்று சலூன்காரர் சொன்னார். அவருக்கு மருந்துக்கடைக்காரர் சொன்னாராம். மருந்துக்கடைக்காரருக்கு நாடகக் கம்பெனி ஆள் யாரோ. எப்படித் துக்கம் கேட்பது என்ற குழப்பத்தோடு அவர் வீட்டு மாடியேறினேன். கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு மேஜைமேல் அவர் மல்லாந்து கிடந்தார். மறுமுனையில் அவர் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"காலைக் கொஞ்சம் மடக்குங்க."

பிணம் காலை மடக்கியது.

தினமும் செய்கிற சாதகம். மேடையிலும் திரையிலும் அவருக்குக் கிடைத்ததெல்லாம் பிண வேஷம்தான். "பாடிக்கு டீ குடுத்தாச்சா?" என்றுதான் கம்பெனியில் விசாரிப்பார்கள். ஹீரோவுக்கு டூப் உண்டு, பிணத்துக்குக் கிடையாது என்பது அவர் பெருமை. வயிறு சத்தம் போட்டுவிடும் என்று படப்பிடிப்பு நாளில் சோற்றைத் தொடமாட்டார். "கண்ண மூடிட்டு எவன் வேணா சாவான். தெறந்து வச்சிட்டு சாகணும் சார்!" மனைவிக்கு இந்தக் கலையில் மதிப்பில்லை. "குழாய் ஒழுகுதுன்னு சொல்லிப் பாருங்க, அப்படியே செத்துடுவாரு."

இப்போதுதான் முதன்முதலாக உயிருள்ள வேஷம் ஒன்று வருவதாக இருந்தது. மகளின் காதலை எதிர்க்கும் அப்பா. நாடகம் முழுக்கப் பேச்சு. மேனேஜர் போனில் உறுதி சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

கேள்விப்பட்டதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கத்தி நின்றது.

"அட கடவுளே! காலையில மேனேஜர் கூப்பிட்டு இவரக் கேட்டாரு. 'அவர் போயிட்டாரு'ன்னேன். தையக்கடைக்குத்தான்! எப்போன்னாரு. இப்பதான், அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னேன். ரொம்பக் கஷ்டப்பட்டாரான்னாரு. படியிறங்கத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டாருன்னேன். 'நாங்க வேற ஆளப் பாத்துக்குறோம், நீங்க மனசத் தேத்திக்குங்க'ன்னாரு. வேஷம் போச்சேன்னு நானும் அழுதுட்டேன். இவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருக்கேன்."

பாடி சார் எழுந்து உட்கார்ந்தார்.

"வெளிய போயிருக்காருன்னு சொல்லக்கூடாதாடி? ஒரே வார்த்தையில கொன்னுட்டியே!"

"இத்தன வருஷமா செத்தீங்க. இன்னிக்குத்தான் எல்லாரும் நம்பியிருக்காங்க."

அவர் மேஜையிலிருந்து குதித்து மேனேஜருக்குப் போன் போட்டார். ரிங் போய்ப் போய் அறுந்தது.

"செத்தவர் பேரு போன்ல வந்தா எவன் எடுப்பான்? என் போன்ல போடுங்க."

"உன் பேர் வந்தா, எப்ப எடுக்குறீங்கன்னு கேப்பான்."

தன் போனிலேயே மறுபடி போட்டார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டி, தொண்டையைச் செருமி, 'ஹலோ' சொல்ல வாயைப் பாதி திறந்தபடி நின்றார். ரிங் போய்க்கொண்டே இருந்தது.